வாசலில் மாட்டிய கல்

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் ஆளை இறக்கிவிடும் நேரம் மெடிக்கல் கடை ஓரமாக நின்று பாருங்கள். தலைவலி மாத்திரைக்காரர் வாய்விட்டுக் கேட்டு வாங்கிப் போய்விடுவார். சீருடை மாற்றாமல் வந்த இன்னொருவர் மட்டும், கல்லாவில் இருக்கும் பெண் உள்ளே போகட்டும் என்று நிற்பார். அவள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, கீழே எரிச்சல், ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க" என்பார். டியூப் ஒன்று காகிதத்தில் சுற்றி வரும். யாரும் பார்க்காமலே வைத்தியம் முடிந்தது.

இப்படிப் பார்க்காமல் விட்டதில் வளரும் நோய் ஒன்று உண்டு: ஆணுறுப்பின் முன்தோலுக்கு அடியில் கல் சேர்வது. அபூர்வம்தான். முன்தோல் இறுகிப் பின்னுக்குப் போகாவிட்டால் உள்ளே அழுக்கு தங்கும். ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போகும்போதும் கொஞ்சம் சிறுநீரும் தேங்கும். அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்க, உப்புகள் படிந்து கெட்டியாகும். ஒற்றைக் கல்லாகவும் இருக்கலாம், கூழாங்கல் குவியலாகவும் இருக்கலாம். சில சமயம் மேலிருந்து இறங்கிய கல்லே வாசலில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு வாரத்து வேலையல்ல, வருடங்களின் வேலை.

சிப்காட் தொழிற்பேட்டை வருமுன் ஒரகடம் வட்டாரம் ஏரிப் பாசனச் சீமை. பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர் என்றுதான் பேர். அப்போது நீர்க்கடுப்புக்குச் சிறுபீளையும் நெருஞ்சிலும் போட்ட கஷாயம். கத்தி வைக்க வேண்டுமானால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இல்லை சென்னைப் பெரியாஸ்பத்திரி. அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். முன்தோல் இறுக்கம் ஒன்றும் புது நோயல்ல. நெய் தடவிய குழாயைச் செருகி, மூன்று நாளுக்கொரு முறை கொஞ்சம் பருமனான குழாயாக மாற்றி விரிக்கச் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை. வெள்ளைக்காரன் காலத்தில் குன்னூர் ஆய்வகத்தில் மெக்கரிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் எலிகளுக்குச் சத்துக் குறைந்த தீனி போட்டுச் சிறுநீர்க் கல்லை வரவழைத்துக் காட்டினார். முன்தோல் கல்லுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. கழுவ முடியாத ஒரு மடிப்பும் சொல்ல முடியாத ஒரு வாயும் போதுமாக இருந்தது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். நாற்று நட்ட இடத்தில் அசெம்பிளி லைன் ஓடுகிறது. ரிலீவர் வந்தால்தான் ஒண்ணுக்குப் போகலாம் என்கிற வேலையில் தண்ணீர் குடிப்பது தானாகவே குறையும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தென்னிந்திய உருக்காலை ஒன்றில் தொழிலாளர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள்: நாலில் ஒருவருக்கு மேல் சிறுநீரகத்தில் கல்லோ கோளாறோ, அவர்களில் பெரும்பாலோர் உலைச்சூட்டில் நிற்பவர்கள். அந்தக் கல்லைப் பற்றி இப்போது கேன்டீனில்கூடப் பேசுகிறார்கள். கீழே இருக்கும் கல்லைப் பற்றி இல்லை.

அதற்கு வழிவிடும் புதுக் காரணமோ சர்க்கரை. நாற்பது வயதுவரை சரியாக இருந்த தோல், சிறுநீரில் சர்க்கரை இறங்கியதும் பூஞ்சை பிடித்து, வெடித்து, ஆறி, தழும்பாகி இறுகுகிறது. 2020 கடைசியில் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை நோய்க்கு நல்ல மாத்திரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் துணை. ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதே அதன் வேலை என்பதால் பூஞ்சைத் தொல்லை கூடும். தினமும் தோலை விலக்கிக் கழுவு, சிவந்தால் வந்து காட்டு என்று எழுதிக்கொடுக்கும்போதே சொல்வது அரை நிமிஷ வேலை.

இன்று தொழிலாளி பாக்கெட்டில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. முன்தோலைக் கீறிக் கல்லை எடுப்பது, பெரும்பாலும் தோலையே நீக்கிவிடுவது, பெரிய ஆபரேஷனே அல்ல. நீக்கிய தோலைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நாள்பட்ட புண்ணில் புற்று ஒளிந்திருக்கலாம். 'சுன்னத்' என்ற சொல்லைக் கேட்டதும் "எங்க ஆளுங்க பண்ண மாட்டோம் சார்" என்று எழுந்து போகிறவரும் உண்டு. இது மதமல்ல, மருத்துவம் என்று சொல்லவும் டாக்டருக்கு நேரம் வேண்டும்.

வெட்கம் மட்டும் அறுவடைக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கும் டாக்டருக்கும் நடுவில் சூப்பர்வைசர் மொழிபெயர்க்க நிற்கும்போது "வயித்து வலி" என்றுதானே சொல்வான்? வயிற்று ஸ்கேன் எழுதுவார்கள். சிறுநீரகம், குழாய், பை எல்லாம் பார்த்து 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். விரல் பட்டாலே நெருடும் கல் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுவிடுகிறது.

கிளினிக்குகளுக்குப் போனால் இப்போதெல்லாம் பரிசோதனைப் படுக்கையின் திரைச்சீலையைத்தான் முதலில் பார்க்கிறேன். பாதி இடங்களில் அதைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருக்கிறார்கள்.