மேடேறும் தட்டு

175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கையை விட்டுக் கிளம்பினால், அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 35 ஜூல். எதிரே 10 மீட்டர் மேடு இருந்தால், அதில் ஏறுவதற்கே 17 ஜூல் போய்விடும். காற்றின் தடையைச் சேர்க்காமலேயே வேகம் 51 கிலோமீட்டராகச் சரிந்துவிடும். டிஸ்க் கோல்ஃபில் சின்னஞ்சிறு மலைத் திடல்கூடத் தேர்ந்த ஆட்டக்காரரைத் திணறடிப்பது இதனால்தான்.

இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை குறைவான வீச்சுகளில் கூடைக்குள் போடுகிறோம் என்பதே கணக்கு. ஃப்ரிஸ்பீயின் வடிவத்தை மேம்படுத்திய எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். பின்னர் சாந்தா குரூஸ் நகரில் மேடும் பள்ளமுமான டெலவியாகா திடலும் உருவானது. அங்கே 27ஆம் கூடைக்கு ‘உலகத்தின் உச்சி’ என்றே பெயர். மேலிருந்து சரிவை நோக்கித் தட்டை வீச வேண்டும்.

வேகம் குறைந்தால் தூரம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். திசையும் மாறும் என்பதுதான் சுவையான விஷயம். சுழலும் தட்டு பம்பரத்தைப் போன்றது: ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாயாது, கால் சுற்று தள்ளித்தான் சாயும். வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். வேகம் தளரும்போது காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது. சுழற்சியால் அந்த உந்தல் இடப்பக்கச் சாய்வாக மாறித் தட்டு இடது பக்கம் வளைகிறது. மேடேறும் தட்டு சீக்கிரமே தளர்வதால் இந்த வளைவும் சீக்கிரமே வந்துவிடும். பள்ளத்தை நோக்கி வீசும்போது முன்விளிம்பைச் சரிவோடு ஒட்டித் தாழ்த்தத் தவறினால், தட்டு மிதந்து எழும்பி, தளர்ந்து, இடது பக்கம் வெகுதூரம் போய்விடும்.

ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 3 மீட்டர் தூரம் கூட்டிக்கொள்வது ஆட்டக்காரர்களின் கைக்கணக்கு. 60 மீட்டரில் உள்ள கூடை 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதை 75 மீட்டராக எண்ணி வீசுவார்கள்.

தரையைத் தொட்ட பிறகும் ஆபத்து தீராது. தட்டின் சாய்வும் நிலத்தின் சாய்வும் ஒத்துப்போனால் அது வழுக்கிக்கொண்டே போய் நிற்கும். எதிரெதிராக அமைந்தால் விளிம்பு மண்ணில் குத்தும். தட்டு எழுந்து நின்று, சக்கரமாய் அடிவாரம் வரை உருளும். தட்டு எங்கே விழுகிறது என்பதைவிட எந்தச் சாய்வில் விழுகிறது என்பதே சரிவில் முக்கியம்.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் இன்னொரு சிக்கல். அங்கிருந்து வீசியவர், நிலை தடுமாறாமல் நின்று காட்டிய பிறகே முன்னால் நகரலாம் என்பது விதி. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று அதைச் செய்வது எளிதல்ல.

ஆகவே மலைத் திடலுக்குப் புதிதாகப் போகிறவர்கள் தோள்வலியை நம்ப வேண்டாம். வீசும் முன் கூடை வரை நடந்துபோய், அதைச் சுற்றி நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.