மேகத்தில் இருக்கும் சாதிச் சான்றிதழ்: கசிந்தால் யார் பொறுப்பு?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பட்டியல் சாதி மாணவர், சாதிச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையத்தில் பதிவேற்றுகிறார். இத்தகைய ஆவணங்கள் இன்று கிளவுட் எனப்படும் மேகக் கணிமைச் சேவைகளுக்கு நகர்ந்துவருகின்றன. மேகம் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில் ஓடும் கணினி. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காகவும் பணியிடத்து நிம்மதிக்காகவும் ஒருவர் சொல்லாமல் வைத்திருக்கும் சாதி வெளிப்பட்டால் என்ன செய்ய முடியும்?

கசிவு நேரும்போது கிளவுட் நிறுவனங்கள் ‘பகிர்ந்த பொறுப்பு’ என்னும் ஏற்பாட்டைக் காட்டும். கட்டடம், வன்பொருள் ஆகியவற்றின் பாதுகாப்பு அவர்களுடையது; உள்ளிருக்கும் தரவை யார் பார்க்கலாம் என்று வரையறுப்பது வாடிக்கையாளருடையது. வாடிக்கையாளர் என்றால் துறையோ கல்லூரியோதான். மாணவர் அந்த ஒப்பந்தத்தைக் கண்டதே இல்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 8ஆம் பிரிவில், தரவைத் திரட்டுபவரையே பொறுப்பாக்குகிறது. சேமித்துத் தரும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஒப்பந்தம் மட்டுமே. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும், பாதிக்கப்பட்டவருக்கு அன்று. வங்கி விவரம் போன்றவை கசிந்தால் நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. 2019 மசோதா சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் நுண்ணிய தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் அந்த வகைப்பாடே காணாமற்போனது.

சேவை வழங்குநரை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது என்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 82ஆம் பிரிவின்படி, தன் கடமையில் தவறிய செயலாக்க நிறுவனத்திடமும் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். இந்தியாவிலேயே, செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்குமாறு கிளவுட் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்துகிறது. அரசுக்குச் சொல்ல வைக்க முடிந்தவர்களைக் குடிமக்களுக்குப் பதில் சொல்ல வைக்க ஏன் முடியாது?

சட்டத் திருத்தம் வரும்வரை கையிலிருப்பது தகவல் உரிமைச் சட்டம். நம் சான்றிதழ்கள் எந்த நிறுவனத்திடம் உள்ளன, கடைசித் தணிக்கை எப்போது நடந்தது, கசிவைத் துறைக்குத் தெரிவிக்க ஒப்பந்தம் எவ்வளவு கெடு வைத்திருக்கிறது என்று ஆதிதிராவிடர் நலத்துறையிடமும் பல்கலைக்கழகங்களிடமும் எழுதிக் கேட்கலாம். வணிக இரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். பெரிதான பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்வதை மேல்முறையீட்டில் எடுத்துவைக்க வேண்டும்.