பஹ்ரைன்: வெளிநாட்டவர் மீதான கட்டணமும் குடிமக்களுக்கான பயிற்சியும்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவிலுள்ள குதைபியா, தமிழர்கள் உட்பட தெற்காசியத் தொழிலாளர்கள் பெருமளவில் வாழும் பகுதிகளில் ஒன்று. அந்நாட்டின் நாடாளுமன்றமும் இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் இத்தொழிலாளர்களின் வேலை அனுமதிக்கும், பஹ்ரைன் குடிமக்களின் தொழிற்பயிற்சிக்கும் இடையே நேரடியான நிதித் தொடர்பு உள்ளது.

2006 ஆம் ஆண்டின் சீர்திருத்தம்

பஹ்ரைன் குடிமக்கள் நீண்டகாலமாக அரசுப் பணியையே நாடி வந்தனர். தனியார் நிறுவனங்களோ, குறைந்த ஊதியத்தில் கிடைத்த வெளிநாட்டவரை நம்பியிருந்தன. இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கில், பட்டத்து இளவரசர் சல்மான் பின் ஹமத் அல் கலீஃபா முன்னின்று நடத்திய சீர்திருத்தத்தின் விளைவாக, 2006 இல் இரு அமைப்புகள் சட்டபூர்வமாக உருவாக்கப்பட்டன.

ஒன்று, தொழிற்சந்தை ஒழுங்குமுறை ஆணையம். மற்றொன்று, பின்னர் 'தம்கீன்' என்று பெயர் பெற்ற தொழிலாளர் நிதியம். அரசு ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கும் பஹ்ரைன் பொது நிர்வாகக் கழகமும் அதே ஆண்டில்தான் நிறுவப்பட்டது.

2008 ஜூலை முதல், வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவருக்கு மாதம் 10 தினார் வீதம் நிறுவனங்களிடம் வசூலிக்கப்பட்டது. ஆணையம் வசூலிக்கும் கட்டணங்களில் 80 சதவீதம் தம்கீனுக்கும், 20 சதவீதம் அரசுக்கும் செல்லும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது. வெளிநாட்டவரை அமர்த்தும் செலவை உயர்த்துவது, அந்தப் பணத்தில் குடிமக்களின் திறனை உயர்த்துவது என்பதே இதன் அடிப்படை.

பயிற்சிக் கட்டணம், தொழில்முறைச் சான்றிதழ் தேர்வுகளுக்கான செலவு, புதிதாகச் சேரும் குடிமக்களின் ஊதியத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு பகுதி ஆகியவற்றுக்குத் தம்கீன் உதவி வழங்குகிறது.

முரண்பாடுகள்

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் உள்ளது. வெளிநாட்டவரின் எண்ணிக்கை குறைந்தால், குடிமக்களின் பயிற்சிக்கான வருவாயும் குறையும். வணிகர்கள் இக்கட்டணத்தைக் கடுமையாக எதிர்த்தனர். 2011 இல் அரசியல் கொந்தளிப்பை அடுத்து அது நிறுத்திவைக்கப்பட்டது. 2013 செப்டம்பரில், முதல் ஐந்து தொழிலாளர்களுக்குத் தலா 5 தினார், அதற்கு மேற்பட்டோருக்குத் தலா 10 தினார் என்று மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

வேலை அனுமதிக்காகத் தொழிலாளியிடம் பணம் பெறுவதைச் சட்டம் தடை செய்கிறது. எனினும், கூடுதல் செலவை ஈடுகட்டப் புதியவர்களுக்குக் குறைந்த ஊதியம் பேச நிறுவனங்களால் இயலும். 2017 இல் அறிமுகமாகி 2022 இல் கைவிடப்பட்ட நெகிழ்வு அனுமதி முறையிலோ, தொழிலாளர்கள் தாமே மாதம் 30 தினார் செலுத்த வேண்டியிருந்தது.

பயிற்சி யாருடைய பொறுப்பு?

வெளிநாட்டுத் தொழிலாளியின் திறனை வளர்ப்பது பெரும்பாலும் தாய்நாட்டின் பொறுப்பாகவே விடப்படுகிறது. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 1978 இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அரசு சார்பில் ஆள் தேர்வை மேற்கொள்கிறது.

ஆனால் இவை புறப்படுவதற்கு முந்தைய ஏற்பாடுகள். வளைகுடாவில் பத்து, இருபது ஆண்டுகள் பணியாற்றும் ஒருவர், வந்த நிலையிலிருந்து உயர்வதற்கு வழி காண்பது அரிது. திறனுக்கேற்ற வேலை அனுமதி என்ற கொள்கை வலுப்பெறும்போது, அந்தத் திறனைப் பெறும் வாய்ப்பை அவருக்கு யார் அளிப்பது என்ற கேள்விக்கு, அவரை அனுப்பும் நாடுகளும் ஏற்கும் நாடுகளும் சேர்ந்தே விடை காண வேண்டியிருக்கும்.