சாய்கோட்டை மறந்தேன், கதவு அகலமானது!

ஆட்டோகேட் தொகுப்பில் என் வீட்டு வரைபடத்திற்காக இரண்டு சிறிய புரோகிராம்களை ஆட்டோலிஸ்ப் மொழியில் எழுதினேன். ஒன்று ஜன்னல் வரையும். மற்றது கதவு வரையும். இரண்டிலும் அகலத்தை 'டபிள்யூ' என்ற வேரியபிளில் வைத்தேன். அதில் மதிப்பு இல்லை என்றால் மட்டும் என்னைக் கேட்கும்படி அமைத்திருந்தேன்.

ஜன்னலுக்கு 4 அடி கொடுத்தேன். பிறகு கதவு புரோகிராமை இயக்கினேன். அது எதையும் கேட்கவில்லை. எல்லாக் கதவுகளையும் 4 அடியில் வரைந்துவிட்டது! தச்சரிடம் தருவதற்கு முன் என் மனைவி பார்த்ததால் தப்பித்தேன்.

காரணம் என்ன? வேரியபிள் என்பது பெயர் ஒட்டிய டப்பா போன்றது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால், வரைபடத்தை மூடும் வரை அந்த டப்பா எல்லாப் புரோகிராம்களுக்கும் பொது. தனி டப்பா வேண்டுமானால், அடைப்புக்குறிக்குள் சாய்கோடு போட்டு அதன் பின் பெயரைத் தர வேண்டும்:

(டீஃபன் கதவு ( / டபிள்யூ) ...)

இதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும். சாய்கோட்டின் இரு பக்கமும் இடைவெளி விடவும். புரோகிராம் முடிந்ததும் தனி டப்பா மறைந்துவிடும்.

கவனிக்க: ஜன்னல் புரோகிராமே கதவு புரோகிராமை அழைத்தால், முதலாவதின் தனி டப்பா இரண்டாவதற்கும் தெரியும். எனவே இரண்டிலும் சாய்கோடு தேவை.

ஒரு டிப்ஸ்: சோதிக்கும்போது மட்டும் சாய்கோட்டின் பின் பெயரைத் தராதீர்கள். புரோகிராம் முடிந்ததும் கமாண்ட் வரியில் ஆச்சரியக்குறியுடன் வேரியபிள் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் மதிப்பு தெரியும். சரிபார்த்த பின் மறக்காமல் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நான் மறந்தது அதைத்தான்!