புது எர்டிகாவா, 3 வருஷம் ஓடின எர்டிகாவா?

அப்பா, அம்மா, குழந்தைங்கன்னு ஆறு பேர் ஏறணும்னா எர்டிகா மாதிரி வண்டிதான் சரி. ஆனா புதுசா, பழசா?

பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூட. உதாரணத்துக்கு, புதுசுக்கு 10 லட்சம், 9%, 5 வருஷம்னா மொத்த வட்டி சுமார் 2.45 லட்சம். பழசுக்கு 7 லட்சம், 12%, அதே 5 வருஷம்னா 2.34 லட்சம்! கடன் 3 லட்சம் குறைஞ்சும் வட்டி கிட்டத்தட்ட அதேதான். இஎம்ஐ மட்டும் 20,758-லிருந்து 15,571 ஆகுது. அதனால பழசு எடுத்தா கைக்காசை அதிகமா போட்டு, கடனைச் சுருக்குங்க.

ஆர்சியில பேங்க் பேர் இருந்தா, என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராம முழுப் பணம் கொடுக்காதீங்க. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்திடுங்க. விட்டுட்டா, வண்டி எங்கயாவது இடிச்சா ரிப்பேர் செலவுக்கு க்ளைம் வாங்குறது கஷ்டம். விக்கிறவரோட நோ க்ளைம் போனஸ் அவரோடயே போயிடும். அந்த பிரீமியம் வித்தியாசத்தையும் விலை பேசும்போதே கணக்குல எடுத்துக்கோங்க.