ஆறு மணிக்குப் பிறகு பெங்களூர்

ராமநவமி நெருங்கிவிட்டால் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் எழும்பிவிடும். அலுவலகம் விட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல், கையில் டிபன் பாக்ஸ் பையுடன் நேரே இங்கே வந்து சேருகிறார்கள். சாலையில் பஸ்களின் ஹாரன் ஓய்வதில்லை. ஆனால் தம்புரா சுருதி கூடி, வித்வான் வர்ணத்தைத் தொடங்கியதும் அந்தச் சத்தம் எங்கேயோ ஒதுங்கிவிடுகிறது.

ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-ல் தொடங்கிய இந்த சங்கீத விழா ஏறத்தாழ ஒரு மாதம் நடைபெறுவது வழக்கம். சென்னையிலிருந்து வரும் வித்வான் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனையை விஸ்தாரமாகப் பாடுகிறார். கச்சேரியின் பிற்பகுதியில் புரந்தரதாசரின் கன்னடப் பாடல் ஒன்று, பாபநாசம் சிவன் பாட்டு ஒன்று. தாளம் போடும் கைகளில் எது தமிழ்க் கை, எது கன்னடக் கை என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் இருந்தபடியே இதே வித்வானைக் கேட்க இன்று எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. ஆனால் நல்ல சங்கதி ஒன்று விழும்போது பக்கத்து நாற்காலிக்காரர் தம்மை அறியாமல் "ஆஹா" என்கிறாரே, அது வீட்டில் கிடைப்பதில்லை. முன்பின் தெரியாத இருவர் ஒரே கணத்தில் ஒன்றை ரசிப்பது பந்தலிலும் அரங்கிலும்தான் நடக்கும்.

பிடில் வடிவில் ஒரு மண்டபம்

பெங்களூரில் இதற்கு இடப் பஞ்சம் இல்லை. காயன சமாஜம் 1905-ல் தோன்றியது. மல்லேஸ்வரம் பக்கம் போனால், பிரம்மாண்டமான பிடில் ஒன்றைக் கிடத்தி வைத்தாற்போல ஒரு கட்டடம் தெரியும். அதுதான் 1980-ல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு மண்டபம்.

மைசூர் டி. சௌடையா ஏழு தந்திப் பிடில் வாசித்தவர். ஒலிபெருக்கி இல்லாத அந்த நாட்களில் நாலு தந்திப் பிடிலின் நாதம் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்பதால், மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்காக ஒரு கலைஞர் தம் வாத்தியத்தையே மாற்றினார். அந்த வரிசை காலியாகக் கிடந்தால் அவர் பட்ட பாட்டுக்கு என்ன பொருள்?

தாமதமாக வந்தால் கதவு திறக்காது

நாடகப் பிரியர்களுக்கு ஜே.சி. சாலையில் ரவீந்திர கலாக்ஷேத்ரா இருக்கிறது. தாகூர் நூற்றாண்டு நினைவாகக் கட்டி 1963-ல் திறக்கப்பட்டது. இதன் பின்புறம் 'சம்ஸ' திறந்தவெளி அரங்கும் உண்டு.

ஜே.பி. நகரில் உள்ள ரங்கசங்கரா 2004-ல் தொடங்கியது. 'மால்குடி நாட்கள்' தொலைக்காட்சித் தொடரை இயக்கிய சங்கர் நாக் 1990-ல் கார் விபத்தில் மறைந்தார். நாடகத்துக்கென்று ஓர் அரங்கம் வேண்டும் என்ற அவருடைய கனவை, மனைவி அருந்ததி நாக் பல ஆண்டுகள் பாடுபட்டு நிறைவேற்றினார். இங்கே மணி அடித்துக் கதவை அடைத்துவிட்டால் பிறகு யாருக்கும் திறப்பதில்லை. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் இதே சட்டம்தான். ஆகவே பெங்களூர்ப் போக்குவரத்தை நம்பாமல் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புவது உத்தமம். காத்திருக்கும் நேரத்துக்கு அங்கேயே அக்கி ரொட்டியும் காபியும் கிடைக்கும்.

தமிழில் படித்து, கன்னடத்தில் பார்க்கலாம்

"கன்னட நாடகம் நமக்குப் புரியுமா?" என்று பல தமிழர்கள் தயங்குகிறார்கள். காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் புரிகிற மொழி மேடையில் மட்டும் புரியாமல் போய்விடாது. அப்படியும் தயக்கம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. கிரீஷ் கார்னாடின் 'நாகமண்டல'த்தைப் பாவண்ணன் தமிழில் தந்திருக்கிறார். பைரப்பாவின் பெரிய நாவலைப் 'பருவம்' என்று தமிழாக்கியவரும் அவரே. நாடகத்தைத் தமிழில் ஒரு தரம் படித்துவிட்டு அரங்கில் போய் உட்கார்ந்தால், முதல் காட்சியிலேயே மொழி பழகிவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து திரை போட்டு மூடியபடி நின்றது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதிதான் அந்தத் திரை விலகியது. நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைக்குப் பதினெட்டு ஆண்டு ஆனது. ராமநவமிப் பந்தலில் தமிழரும் கன்னடரும் அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மூடப்பட்ட கடை

புத்தகப் பிரியர்களின் பேட்டை சர்ச் தெரு. எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். பழைய புத்தகமும் புதிய புத்தகமும் மாடி மாடியாக அடுக்கியிருக்கும். கப்பன் பூங்காவில் சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம் இயங்குகிறது. அந்தக் கட்டடம், மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபம். அல்சூரில் 1950-ல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் காத்திருக்கின்றன.

ஆனால் எதுவும் நிரந்தரம் என்று இருந்துவிட முடியாது. சர்ச் தெருப் பக்கம் 1971 முதல் இருந்த பிரீமியர் புத்தகக் கடையில் கூரை வரை புத்தகக் குவியல். எந்தக் குவியலில் எந்தப் புத்தகம் என்பது கடைக்காரர் ஷான்பாகுக்கு மட்டுமே தெரியும். நகரத்தின் எழுத்தாளர்கள் பலர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். 2009-ல் அந்தக் கடை மூடப்பட்டபோது வருந்தியவர்கள் பலர். அவர்களில் "அடுத்த வாரம் போகலாம்" என்று தள்ளிப்போட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

மாதம் ஒரு மாலை

தினமும் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நகரத்துச் சம்பளக்காரனுக்கு அது முடியவும் முடியாது. மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்கினால் போதும். ஒரு மாதம் கச்சேரி, அடுத்த மாதம் நாடகம், அதற்கடுத்த மாதம் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகம். பள்ளியில் தமிழ் இல்லாத குழந்தை, தாத்தா படிக்கும் எழுத்து எது என்று கேட்பதற்காவது அந்த அலமாரியை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா?

கோட்டை மைதானத்துக்கு மார்க்கெட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கச்சேரி முடிந்து மங்களம் பாடிய பிறகும் வீடு திரும்ப ரயில் இருக்கிறது. வண்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மெல்ல ஒரு ராகத்தை முணுமுணுத்தால், அவரும் அதே பந்தலிலிருந்து வருகிறவர் என்று தெரிந்துகொள்ளலாம்.