பெரிய நாயை வீட்டுக்குக் கொண்டு வருமுன்

தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபோகும் குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றுகிறது. நாய்க்கு மட்டும் இடமில்லை. அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே கட்டுவது? காலி வீட்டு வாசலில் அது காத்துக் கிடக்கிறது. பக்கத்து லயத்துக்காரர் மனமிரங்கி அழைத்துப் போகிறார். நல்ல காரியம்தான். ஆனால் அது அல்சேஷன், ராட்வைலர் போன்ற பெரிய ஜாதியாக இருந்தால் இரக்கம் மட்டும் போதாது.

"மிச்சச் சோறு போட்டா வளர்ந்துட்டுப் போகுது" என்பார்கள். அப்படியல்ல, தாய்மார்களே! வளர்ந்த அல்சேஷன் 30 கிலோவுக்கு மேலும் இருக்கலாம். விளையாட்டாகப் பாய்ந்தாலே ஐந்து வயதுப் பிள்ளை கீழே விழும்.

முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்: விடியுமுன்னே இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார்? பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் என்றால் இந்த நாய் வேண்டாம். எவ்வளவு சாதுவானாலும் பிள்ளையையும் நாயையும் தனியே விடக்கூடாது.

அடுத்தது இடம். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு மூர்க்கம் ஏறும். வேலி போட்ட முற்றம், நிழல், எந்நேரமும் தண்ணீர் வேண்டும். நாய் வெளியே திரிந்தால் அண்டை வீட்டாருக்கும் சங்கடம். நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடமும், தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே பேசுங்கள். லைசென்ஸ் பற்றி நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள்.

வந்த முதல் சில வாரம் அது பயந்திருக்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் தொட வேண்டாம். ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பெரிய ஜாதி நாய்க்கு வயிறு ஊதி இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். வெந்த கோழி எலும்பு உடைந்து குத்தும், போடாதீர்கள். செம்பனைக் காட்டில் எலி மருந்து வைப்பார்கள். அதைத் தின்றாலும், அதைத் தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு உள்ளே ரத்தம் கசியும். உடனே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். உண்ணி, குடற்புழு, தடுப்பூசி, குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன், எல்லாவற்றையும் அவரிடமே கேளுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள், காப்பித்தூள் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. நோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அரிது. கடிபட்ட உடனே போடும் ஊசிதான் உயிர் காக்கும்.

ஏற்றுக்கொண்ட பின் கைவிட்டாலோ? 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பவருக்குப் பொறுப்பு உண்டு. கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஒத்து வராது என்றால் "முடியாது" என்று சொல்வதும் கருணைதான். முற்றம் உள்ள வேறு வீட்டைத் தேடிக் கொடுங்கள், அல்லது கால்நடைச் சேவை இலாகாவிடம் யோசனை கேளுங்கள். ஒருமுறை கைவிடப்பட்ட ஜீவன் அது. இரண்டாவது முறையும் தெருவுக்கு வரக்கூடாது.